தெம்பக்கா

“யாருப்பா அது மூணாவது வரிசைல மஞ்சளாயிட்டு ஓடுறது? நில்லு ஒரு எடத்துல. ஓடிக்கிட்டே இருந்தா நான் எப்படிப் போடுறது?”

தெம்பக்கா இதைக் கேட்பது கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து. வலது கை மவுஸில் இருக்கிறது. இடது கை, மடியில் இருக்கும் பட்டாணியைப் பார்க்காமலே உரித்துக்கொண்டிருக்கிறது. பார்க்காமல் உரிப்பதால் தோல் கிண்ணத்துக்கும் பட்டாணி குப்பைக்கும் போவது அவ்வப்போது நடக்கும். ஓடியவர் எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கும் கால்நடை மருத்துவர். “நின்னுட்டேன்க்கா” என்கிறது ஹெட்ஃபோனில் அவர் குரல். மவுஸில் ஒரு தட்டு. மஞ்சள் பச்சையாகிறது. “ம். இப்ப போ. போய் அடி.”

இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், விஷயம் எளிது. இருபத்தைந்து பேர், அவரவர் வீட்டில் இருந்தபடியே, இணையம் வழியாக ஒரே மாய உலகத்துக்குள் ஆளுக்கொரு வேடத்தில் இறங்குகிறார்கள். உள்ளே மலை அளவுக்கு ஒரு பல்லி இருக்கும், அல்லது பல்லிக்கு அண்ணன் மாதிரி வேறு ஏதாவது இருக்கும். சிலர் வாள் வீசுவார்கள், சிலர் முன்னால் நின்று அடி வாங்குவார்கள், சிலர் காயத்துக்கு மருந்து போடுவார்கள். தெம்பக்கா அடிப்பதும் இல்லை, அடி வாங்குவதும் இல்லை. அவர் வேடம் பாடினி. கையில் ஒரு யாழ். பாடினி ஒரு பாட்டுப் பாடினால் கேட்டவரைத் தீ சுடாது, இன்னொன்று பாடினால் கை வலுக்கும், மற்றொன்றுக்குக் கால் வேகம் பிடிக்கும். ஆனால் பாட்டின் பலன் சில நிமிஷம்தான். தீரத் தீர மறுபடி பாட வேண்டும்.

இப்படி ஏற்றிவிடும் பலத்துக்கு விளையாட்டுக்காரர்கள் மத்தியில் ‘பஃப்’ என்று பெயர். இந்தக் கூட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஒருநாள் அதைத் தெம்பு என்று சொல்லிவைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. தெம்பு போடுங்கக்கா, தெம்பு தீந்துபோச்சுக்கா என்று கேட்டுக் கேட்டு, போடுகிறவர் பெயரும் தெம்பக்கா ஆயிற்று. அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் மறுப்பதில்லை.

வார நாட்களில் அவருக்கு வேலை, பழுதாகி நடுவழியில் நின்ற வண்டிகளை இழுத்து வரும் கம்பெனியில். ஃபோன் எடுப்பது, ரெக்கவரி வண்டியை அனுப்புவது. கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் பதற்றத்தில் இருப்பார்கள்.

“மேடம், வண்டி நின்னுபோச்சு.”

“எங்க நிக்குது?”

“ரோட்டுலங்க.”

“ரோட்டுல நிக்காம மரத்து மேலயா நிக்கும்? பக்கத்துல கடை, போர்டு ஏதாவது இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. பெட்ரோல் இருக்கா? நல்லாப் பாத்தீங்களா? சரி, வண்டி கிளம்பிருச்சு. நீங்க வெயில்ல நிக்காம ஓரமா போய் நில்லுங்க.”

திட்டு எங்கே முடிந்து அக்கறை எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்பவருக்குப் பிடிபடாது. ரெக்கவரி வண்டி ஓட்டும் பெரியவருக்கு மட்டும் பழக்கம். “அந்தம்மா மரியாதையா பேசினாத்தான் எனக்கு பயம்” என்பார் அவர்.

விளையாட்டிலும் இதே வாய்தான். ஆனால் அங்கே அவருக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையின் பெயர் ‘கட்டம்’.

விளையாட்டைத் தயாரித்தவர்கள் தரும் திரையில், யாருக்கு எந்தத் தெம்பு மிச்சமிருக்கிறது என்பது மிளகு அளவுப் படங்களாகச் சிதறிக் கிடக்கும். இருபத்தைந்து பேரை மேய்க்க வேண்டியவருக்கு அது போதாது. இதற்காகவே சில பிரியர்கள் உட்கார்ந்து எழுதி இலவசமாக விட்டிருக்கும் ஒட்டு நிரல்கள் உண்டு. ஆட்-ஆன் என்பார்கள். தைத்த சட்டைக்கு நாமே ஒரு பை வைத்துக்கொள்கிற மாதிரி, வேண்டியதை விளையாட்டோடு ஒட்டிக்கொள்ளலாம். தெம்பக்கா ஒட்டிக்கொண்டது, ஆளுக்கொரு சதுரம் காட்டும் பலகை. தெம்பு இருந்தால் சதுரம் பச்சை, தீரப் போனால் மஞ்சள், தீர்ந்தால் சிவப்பு. சதுரத்தைத் தட்டினால் அந்த ஆளுக்குப் பாட்டு. மற்றவர்களுக்குக் கட்டம் சரியில்லை என்றால் ஜோசியரைப் பார்ப்பார்கள். இவர் செட்டிங்ஸைப் பார்ப்பார்.

பார்த்துக்கொண்டே இருப்பார் என்று சொல்வதுதான் பொருத்தம். விளையாடும் நேரத்தைவிடக் கட்டத்தைச் சீவிச் சிங்காரிக்கும் நேரம் அதிகம். பச்சை போதாது என்று இளம்பச்சை வைப்பார், அது கண்ணைக் கூசுகிறது என்று மறுபடி பழைய பச்சைக்கு வருவார். தெம்பு தீரப் போவதை எச்சரிக்கும் மணி அவருக்குப் பிடிக்கவில்லை. தன் வீட்டுக் குக்கர் விசிலையே பதிவு செய்து அந்த இடத்தில் வைத்துவிட்டார். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவர் கணவர், வீட்டில் இருக்கும் நாளில் விசில் கேட்டால் இன்னமும் அடுப்பை அணைக்க ஓடுகிறார். “விளையாட்டு விசிலு எது, வீட்டு விசிலு எதுன்னு தெரியாம என் பொழப்பு போகுது” என்பது அவர் புகார்.

ஒருமுறை, எட்டாத தூரத்தில் நிற்பவர்களின் சதுரங்கள் மங்கலாகத் தெரிந்து உறுத்துகின்றன என்று செட்டிங்ஸில் ஒரு டிக் போட்டார். ‘எட்டாதவர்களை மறை.’ மங்கல்கள் போயின. மிச்சச் சதுரங்கள் நெருங்கி வந்து, போனவர்களின் இடம் தெரியாமல் அடுக்கிக்கொண்டன. “இப்பத்தான் வீடு பெருக்கின மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு, டிக் போட்டதையே மறந்துபோனார். மறைந்தவர்கள் தெம்பு தீர்ந்தால் சத்தம் போட்டுக் கேட்பார்கள். வருவார்கள், திட்டு வாங்குவார்கள், பச்சையாகிப் போவார்கள். அதனால் டிக் போட்டதில் ஒரு வித்தியாசமும் அவருக்குத் தெரியவில்லை.

“என் கட்டத்துல செவப்புன்னு ஒண்ணு நிக்காது. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பெல்லாம் நம்மகிட்ட கிடையாது” என்பார். இன்னொரு பெருமையும் சொல்லிக்கொள்வார். சண்டை நடக்கும்போது குட்டிப் பிராணிகள் பின்பக்கமாக வந்து பாட்டுக்காரர்களைத்தான் முதலில் கடிக்குமாம். மற்றக் கூட்டங்களில் பாடினிகள் பொத்துப் பொத்தென்று விழுவார்களாம். “என் பக்கம் ஒண்ணும் வராது. அதுங்களுக்கே என் வாய் தெரியும்.”

இனி பாப்பா. அவர் கணவரின் தங்கை. நாற்பதைத் தொடப்போகிறாள், இன்னும் வீட்டில் அவள் பாப்பாதான். அதே கட்டடத்தில் மேல் வீட்டில் தனியாக இருக்கிறாள். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. அடுத்தவர் வாய்க்குப் பல் செய்து கொடுப்பவள், தன் வாயை மட்டும் திறக்க மாட்டாள். அழுத்தக்காரி. தெம்பக்காதான் அவளை இந்த விளையாட்டுக்கு இழுத்து வந்தார். அவள் எடுத்தது வில்லாளி வேடம், வைத்துக்கொண்ட பெயர் ‘ஊமைவில்’. சண்டை ஆரம்பிக்கும் முன் எல்லோரும் ஒரு கிணற்றடியில் கூடுவார்கள். ஊமைவில் மட்டும் முற்றம் தாண்டி எதிர்ச் சுவரோரம் போய் நிற்பாள். “பாப்பா, கிட்ட வாடி, என்ன அங்க சுண்ணாம்பு அடிக்கிறியா” என்று தெம்பக்கா கத்தினால் வருவாள், தெம்பு வாங்குவாள், மறுபடி சுவருக்கே போவாள்.

டிக் போட்ட அதே வாரம் வேறொன்றும் நடந்தது. பாப்பா வெளியூர்ப் பயிற்சி ஒன்றுக்கு அண்ணியின் சக்கரப் பெட்டியை வாங்கிப் போயிருந்தாள். திரும்பி வந்ததும், ஒரு சக்கரம் போன பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, பெட்டியை ஒன்றும் நடக்காத மாதிரி வைத்தாள். தெம்பக்கா பெட்டியை நகர்த்தினார், பெட்டி நொண்டியது. “இனிமே உனக்கு ஒரு துரும்பு தர மாட்டேன் பாரு” என்றார். அடுத்த மூச்சில், “டீ குடிக்கிறியா?” என்றார். பாப்பா, “வேணாங்க அண்ணி” என்று மேலே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் சாயங்கால டீக்கு இறங்கி வருவது நின்றுபோனது.

“உங்க பாப்பா எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா?” என்று கணவரைக் கேட்டார் தெம்பக்கா.

“நீ என்ன சொன்ன?”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணும் சொல்லலைன்னா ரெண்டு மூணு சொல்லியிருப்ப” என்றார் அவர்.

தெம்பக்கா பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. நாளைக்கு நூறு பேரைத் திட்டுகிறவர் எதையென்று நினைவு வைத்துக்கொள்வார்?

பாப்பா விளையாட மட்டும் தவறாமல் வந்தாள். சுவரோரம் நின்றாள், அம்பு விட்டாள், முடிந்ததும் போனாள். ஒருநாள் கேப்டன் தெம்பக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். கேப்டன் என்பவர் நிஜத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், கூட்டத்துக்கு அவர்தான் தலைமை.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க நாத்தனாரோட அடி விழவே மாட்டேங்குது. பல்லி மேல அவங்க விட்ட அம்ப எண்ணிடலாம். பசங்க முணுமுணுக்கிறாங்க. வேற வில்லாளியப் போட்டுரலாமா?”

தெம்பக்காவுக்கு மத்தளம் போல இரண்டு பக்கமும் இடி. வேண்டாம் என்று சொன்னால் சொந்தக்காரிக்குச் சலுகை. சரி என்று சொன்னால், ஏற்கனவே டீயை நிறுத்தியவள் மாடிப்படியையே மறந்துவிடுவாள். “ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க தம்பி. நான் பேசிப் பாக்குறேன்” என்றார். பேசவும் இல்லை. பேச நினைத்தபோதெல்லாம் கோபம்தான் வந்தது. நான் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தவள், இப்படி ஏனோதானோ என்று விளையாடி என் மானத்தை வாங்குகிறாளே என்று. சனிக்கிழமை கணவர் வேறு ஒரு சேதி கொண்டுவந்தார். “பாப்பா விளையாட்டுலேந்து விலகிக்கிறாளாம். நாளைக்குத்தான் கடைசியாம். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா.”

போனால் போகட்டும் என்றார் தெம்பக்கா. சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பைப் போட மறந்தார்.

ஞாயிறு மதியம் பல்லியோடு சண்டை. கூட்டம் இதுவரை வீழ்த்தாத பல்லி. பாதி உயிர் போனதும் அது வயிற்றில் நெருப்பை நிரப்பிக்கொள்ளத் தொடங்கியது. “எல்லாரும் கிணத்தடிக்கு வாங்க, சீக்கிரம்” என்றார் கேப்டன். கிணற்றடியில் நின்றால்தான் அந்த நெருப்புக்குத் தப்ப முடியும். இருபத்தைந்து பேரும் ஓடி வந்தார்கள். தெம்பக்கா ஒரு மஞ்சளைத் தட்டப் போனார். தட்டும் நொடியில் கட்டம் முழுக்க ஒரு இடம் தள்ளி நகர்ந்தது. தெம்பு யாருக்கோ போயிற்று.

“யாருடா அது நடுவுல பூந்தது?”

புகுந்தது ஒரு சிவப்புச் சதுரம். கட்டத்தில் அப்படியொரு சிவப்பை அவர் பார்த்ததே இல்லை. மூன்று பாட்டில் ஒன்றுகூட இல்லாத முழுச் சிவப்பு. அதன் மேல் எழுதியிருந்த பெயர் ஊமைவில்.

தெம்பக்காவின் கை நின்றுவிட்டது. எட்டாதவர்களை மறை. தானே போட்ட டிக், அதற்குப் பிறகு நடந்த சண்டைகள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இத்தனை சண்டையிலும் இந்தப் பெண் வெறும் உடம்போடு நின்றிருக்கிறாள். ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த கை, வீட்டுப் பிள்ளையைத் தாண்டிப் போயிருக்கிறது.

“ஐயோ” என்று எழுந்தார். பட்டாணி உருண்டது. ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தார். சண்டை நடுவில் தெம்பக்கா நாற்காலியை விட்டு எழுந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஹெட்ஃபோனுக்குள் பல்லியின் நகங்கள் கீறும் சத்தத்துக்கு நடுவே, “தெம்பக்கா, தீப் பாட்டு தீரப்போகுது, தெம்பக்கா” என்று மேஜையிலிருந்து கேப்டன் குரல் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. குக்கர் விசில் அடித்தது. கணவர் அடுப்படிக்கு ஓடினார். தெம்பக்கா மாடிப்படி ஏறினார்.

கதவைத் திறந்த பாப்பாவின் தலையில் ஹெட்ஃபோன் இருந்தது.

“அண்ணி? சண்டை நடந்துக்கிட்டிருக்கு.”

“நடக்கட்டும். உனக்கு எத்தனை நாளா தெம்பு வரல?”

பாப்பா கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாள். “நீங்கதான தர மாட்டேன்னு சொன்னீங்க.”

“நானா? எப்ப?”

“பெட்டிச் சக்கரம் உடைஞ்சப்போ. ஒரு துரும்பு தர மாட்டேன்னு.”

“அடி பைத்தியமே, அது பெட்டிக்குச் சொன்னது. அதையா பிடிச்சுக்கிட்ட? தெம்பு என்ன என் அப்பன் வீட்டுச் சொத்தா, தர மாட்டேன்னு சொல்றதுக்கு? வாயத் தொறந்து கேட்டிருக்க வேண்டியதுதான?”

“அத்தனை பேர் கேட்டுக்கிட்டிருக்கிற எடத்துல எப்படி அண்ணி கேக்குறது? நீங்க இல்லைன்னு சொல்லிட்டா?” தாழ்ப்பாளை இழுத்து விட்டாள். “முன்னாடியெல்லாம் கிட்ட வா, கிட்ட வான்னு திட்டுவீங்க. அப்புறம் திட்டுறதையும் நிறுத்திட்டீங்க.”

தெம்பக்கா டிக்கைப் பற்றிச் சொன்னார். மங்கலைப் பற்றி, சதுரங்கள் நெருங்கிக்கொண்டதைப் பற்றி, முன்னும் பின்னுமாகச் சொன்னார். பாப்பாவுக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. அவளும் ஆட்-ஆன் போடுகிறவள்தான். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

“நீ ஏண்டி அவ்வளவு தூரம் போய் நிக்கிற?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்த தெம்பக்கா, பாப்பாவின் திரையைப் பார்த்தார். அங்கேயும் ஒரு கட்டம் இருந்தது. இருபத்தைந்து சதுரம் இல்லை. ஒரே ஒரு சதுரம், பெரிதாக, திரையின் நடுவில். அதன் மேல் பாடினி என்று எழுதியிருந்தது.

“இது என்ன?”

“நீங்க” என்றாள் பாப்பா. “நீங்க கட்டத்தையே பாத்துக்கிட்டிருப்பீங்க. முதுகுப் பக்கம் என்ன வருதுன்னு பாக்க மாட்டீங்க. தூரத்துல நின்னாத்தான் அது தெரியும். அதான் வர்றதை அங்கேந்தே அடிச்சிருவேன்.”

பல்லி மேல் விழாத அம்புகள் எங்கே விழுந்தன என்று தெம்பக்காவுக்கு அப்போது தெரிந்தது. தெம்பு கிடைக்காத நாட்களிலும் அவை அங்கேதான் விழுந்திருக்கின்றன. பிராணிகளுக்கு என் வாய் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததை நினைத்தார். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. நாத்தனாருக்கு முன்னால் அழுவதாவது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாப்பாவின் ஹெட்ஃபோனிலிருந்து கேப்டன் புலம்புவது கேட்டது. எல்லோரும் செத்துக் கிடக்கிறார்களாம், தெம்பக்காவைக் காணோமாம். தெம்பக்கா அதைப் பாப்பாவின் தலையிலிருந்து எடுத்துத் தன் வாயருகே பிடித்தார்.

“தம்பி, நான்தான். தப்பு என்னோடது, எல்லாரும் மறுபடி எந்திரிச்சு வாங்க. அப்புறம், அடி விழலைன்னு சொன்னீங்களே, அந்தப் பொண்ணு இத்தனை நாளும் ஒரு பொட்டுத் தெம்பு இல்லாம அடிச்சிருக்கா. அதுலயும் பாதி என் முதுகுக்குக் காவலா நின்னு அடிச்சிருக்கா. வேற வில்லாளி தேடுறதா இருந்தா, வேற பாடினியும் சேத்துத் தேடிக்கோங்க.”

“நான் எதுவும் தேடலக்கா” என்றார் கேப்டன்.

“அண்ணி, நான் விலகுறதாச் சொன்னது…” என்று ஆரம்பித்தாள் பாப்பா.

“யாரு விட்டா?” என்றார் தெம்பக்கா. “போய் உக்காரு.”

கீழே வந்தார். பட்டாணியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். டிக்கை எடுத்தார். கட்டம் விரிந்து, ஒரு மூலையில் மங்கலாக ஒரு சதுரம் முளைத்தது. கிணற்றடியில் கூட்டம் ஒவ்வொருவராக வந்து சேர, வழக்கம் போல எதிர்ச் சுவரோரம் வில்லோடு ஒருத்தி நின்றாள். கிட்ட வாடி என்று கத்துவதற்காகத் திறந்த வாயைத் தெம்பக்கா மூடிக்கொண்டார். இருபத்து மூன்று பேரையும் கிணற்றடியில் விட்டுவிட்டு, பாடினியை முற்றத்துக்குக் குறுக்கே நடத்தினார்.

“தெம்பக்கா, எங்க போறீங்க? ஆரம்பிக்கப் போறோம்.”

“இருங்க தம்பி. மேல் வீடு வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்.”

பாடினி சுவரோரம் போய், வில்லாளிக்கு எதிரில் நின்று, யாழை எடுத்தாள்.